செம்புத் தகட்டில் கல்கத்தா: டேனியல் ஓவியர்களைப் பற்றி ஒரு பாத்திர வியாபாரியின் கருத்து

ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகாட், தட்சிணேசுவரம், அப்புறம் விக்டோரியா மெமோரியல். இந்த மூன்றுக்கும் கூட்டிக்கொண்டு போகாத தமிழர் இந்த நகரத்தில் இருக்க மாட்டார். 1979ல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து படா பஜாருக்குப் பாத்திரக் கடை வேலைக்கு வந்த நாள் முதல் நான் எத்தனை முறை அந்தப் பளிங்குப் படிகளில் ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. (2001ல் நகரத்தின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்துகொண்டிருந்தேன். வெரெஷ்சாகின் என்ற ருஷ்ய ஓவியர் வரைந்த, 1876ல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்குள் யானை மேல் ஊர்வலம் போகிற அந்தப் பிரம்மாண்டமான படத்தின் முன் நிறுத்தி, "பாருங்க, எவ்வளவு பெரிசு" என்று சொல்லி, வெளியே வந்து புல்வெளியில் கடலை வாங்கிக் கொடுத்துவிடுவது. பக்கத்துச் சுவர்களில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற பெயர்களோடு வரிசையாக இருந்த படங்களை நின்று பார்க்கப் பல வருஷம் ஆச்சு. இந்த இருவருடைய ஓவியங்கள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே இடத்தில் வேறெங்கும் இல்லை என்பார்கள். நம் வாசலில் இருப்பதாலேயே நாம் பார்ப்பதில்லை.

வழக்கமாக இந்த மலரில் சீவக சிந்தாமணி, நீலகேசி என்று எழுதுகிறவன் நான். இந்த முறை படத்தைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம், சில வருஷங்களுக்கு முன் நம் சங்கக் கூட்டத்தில் நான் பேசிய ஒரு பேச்சு. "போட்டோ கண்டுபிடிக்காத காலத்திலேயே போட்டோ மாதிரி இந்தியாவைப் பதிந்து வைத்தவர்கள் டேனியல்கள்" என்று அன்று அடித்துப் பேசினேன். கைதட்டினீர்கள். அதை இப்போது பாதியாவது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாமஸ் டேனியல் 1749ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர். பையன் கோச்சு வண்டிகளுக்குப் படம் எழுதுகிற பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டவர். பரம்பரைச் செல்வாக்கு ஒன்றும் கிடையாது. தம்மோடு அழைத்து வந்த வில்லியம், அண்ணன் மகன், 1769ல் பிறந்தவன். 1785ல் கப்பல் ஏறும்போது பதினாறு வயசு. சீனா வழியாக 1786ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். 1788லிருந்து வடக்கே டில்லி, ஆக்ரா, கார்வால் மலை வரை ஒரு நெடும் பயணம். அதில் வரைந்ததை இங்கே கொண்டுவந்து குலுக்கல் சீட்டு போட்டு விற்று, அந்தப் பணத்தில் 1792ல் தென்னாட்டுப் பயணம். 1793ல் பம்பாய். 1794ல் ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை லண்டனில் ஆறு பாகமாக 144 படங்களை 'ஓரியண்டல் சீனரி' என்று அச்சிட்டார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். அன்றைக்கு அது சாதாரண மனிதன் கனவிலும் காணாத தொகை.

இவர்கள் காமிரா அப்ஸ்க்யூரா என்னும் இருட்டுப்பெட்டியைப் பயன்படுத்தியவர்கள். சின்னத் துவாரம் வழியாக வெளிக்காட்சி உள்ளே விழும். அதன் மேல் பென்சிலை ஓட்டிக் கோட்டை எடுத்துக்கொள்வது. ஆகவே கட்டடத்தின் அளவு, தூணின் சாய்வு எல்லாம் சரியாக வரும். 'போட்டோ மாதிரி' என்ற புகழ் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பெட்டியில் விழுவது கோடு. கோட்டுக்கு மேல் ஒரு படம் ஆக எத்தனையோ வேலை இருக்கிறது. அந்த வேலை எங்கே, யார் கையால் நடந்தது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. எங்கள் கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்த பீகார்க்கார மிஸ்திரி. 1980களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மெமோரியலுக்குக் கூட்டிப் போனேன். ஒரு அச்சுப் படத்தின் முன்னால் மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "சேட்ஜி, வானத்தில் இருக்கிற இந்தச் சாம்பல் நிறம் உளி வேலை இல்லை. தேஜாப் வேலை" என்றார். தேஜாப் என்றால் திராவகம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது பிற்பாடு படித்தபோது தெரிந்தது.

அக்வாடின்ட் என்ற அந்த முறையைப் பாத்திரக்காரன் பாஷையில் சொல்கிறேன். செம்புத் தகட்டை முகம் தெரிகிற மாதிரி மெருகேற்ற வேண்டும். மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் கீறி, திராவகத்தில் போட்டுக் கோடுகளை எடுப்பது முதல் வேலை. அடுத்து, நுணுக்கி வைத்த பிசின் பொடியைத் தகட்டின் மேல் பனி விழுவது போலத் தூவி, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். இப்போது திராவகத்தில் விட்டால், துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற செம்பை மட்டும் அது அரிக்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடி திராவகம். இன்னும் கொஞ்சம் மூடி, மறுபடி. கடைசி வரை மூடாமல் விட்ட இடம் கன்னங்கறுப்பு. ஒரு நிமிஷம் கூடிப்போனால் வானம் கறுத்துவிடும், தகடு வீண். பிறகு மையை அடித்துத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் கொடுத்து அழுத்த வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர்வண்ணம். ஈயம் பூசும்போது திராவகத்தின் புகை நெஞ்சை அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு, கல்கத்தாவின் வைகாசி வெயிலில், புழுக்கத்தில், இது என்ன பாடு என்று தெரியும்.

அந்தப் பாட்டைத்தான் தாமஸ் டேனியல் இங்கே பட்டார். 1786 முதல் 1788க்குள் 'வ்யூஸ் ஆஃப் கல்கத்தா' என்று பன்னிரண்டு படங்களை இந்த நகரத்திலேயே தகட்டில் ஏற்றி, இங்கேயே அச்சடித்தார். முடித்த கையோடு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஓவியன், செதுக்குபவன், செம்பு வேலைக்காரன், அச்சுக்காரன், அச்சுக்காரனின் எடுபிடி எல்லாமாக நானே நிற்க வேண்டி வந்தது, உயிரே போய்விட்டது என்கிற பொருள்படப் புலம்புகிறார். உண்மையில் தனியாள் இல்லை. உள்ளூர்க் கைவினைஞர்கள் கூட இருந்திருக்கிறார்கள். செம்பை அடித்துத் தகடாக்கவும் வண்ணம் தீட்டவும் தெரிந்த கைகளுக்கு இந்த ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை. அவர்கள் பெயர் படத்தின் அடியில் இல்லை. என் கடையில் வாங்கிய குடத்தில் வாங்கினவர் பேர் இருக்கும், வெட்டின மிஸ்திரி பேர் இருக்காது. அது மாதிரி.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இது கலை விமர்சகர்கள் சொல்வதற்கு மாறானது. டேனியல்களின் உச்சம் லண்டனில் அச்சான 144 படங்கள், கல்கத்தாப் பன்னிரண்டும் தொழில் பழகிய காலத்துக் கரடுமுரடான முயற்சி என்பார்கள். தொழில் நேர்த்தியில் அது சரி. லண்டன் படங்களின் வானத்தைப் பாருங்கள்: மல் துணி மாதிரி இழையும். கல்கத்தாப் படங்களில் வானம் திட்டுத்திட்டாக இருக்கும், கோடு தடிக்கும். ஆனாலும் படம் என்று பார்த்தால், அந்தப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் மற்றவை வராது என்பது என் துணிபு.

ஏன்? பழைய கோர்ட் ஹவுஸும் ரைட்டர்ஸ் கட்டடமும் தெரிகிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் கட்டின வெள்ளைக் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கின்றன; சரி. ஆனால் கண் அங்கே நிற்பதில்லை. பல்லக்கு போகிறது, சாரட்டு போகிறது, ஆட்கள் அவரவர் ஜோலியாக அகலமான மண் தெருவில் போகிறார்கள். யாரும் நமக்காக நிற்கவில்லை. அதே தொகுதியில் சித்பூர் பக்கத்துக் கோயிலும் வீடும் வருகிற படத்தில், மண்ணும் சுவரும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் வங்காளத் தெருவை அப்படியே பிடித்திருக்கிறார். இந்தப் படங்களை வாங்கப்போகிறவர்கள் அதே தெருவில் தினம் போய்வருகிறவர்கள். தப்பாக எழுதினால் மறுநாள் காலையில் வாசலில் வந்து கேட்பார்கள். வியாபாரத்தில் இதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்: உள்ளூர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற தராசு வேறு, ரயிலில் அனுப்புகிற சரக்குக்குத் தராசு வேறு என்று ஆகிவிடுகிற சபலம் எல்லாருக்கும் உண்டு.

தென்னாட்டுப் படங்களில் அந்தச் சபலம் தெரிகிறது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு உடன்படிக்கை ஆனது. அடுத்த மாதமே டேனியல்கள் மதராஸிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள். போரில் கைக்கு வந்த மலைக்கோட்டைகளைப் படமாகப் பார்க்க ஆங்கிலேயருக்கு ஆவல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்; ஓசூரும் இராயக்கோட்டையும் தொகுதியில் இடம்பெற்றது அதனால்தான். அங்கிருந்து மதுரை, பாபநாசம், குற்றாலம், இராமேசுவரம், திருச்சி, தஞ்சாவூர். 1793 சனவரியில் மறுபடி மதராஸ். மொத்தம் ஒன்பது மாதம்! கல்கத்தா என்ற ஒரே ஊரைப் பன்னிரண்டு தகட்டில் எழுத இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டவர், தமிழ்நாடு முழுவதையும் ஒன்பது மாதத்தில் நடந்து முடித்தார்.

மதுரைப் புதுமண்டபப் படம் இதற்கு நல்ல சாட்சி. திருமலை நாயக்கர் சத்திரம் என்று பெயரிட்டிருப்பார்கள். தூண் சிற்பங்களை எழுதியிருக்கிற நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்; நாயக்கர் சிலை நிற்கிற தூணைப் பார்த்தால் கல்லைத் தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த மண்டபம் எனக்கு நன்றாகவே தெரியும். பித்தளைச் சாமான் கொள்முதலுக்கு நான் போய் நின்ற இடம் அது. தையல்காரர், புத்தகக் கடை, பாத்திரக் கடை என்று நெரிசலாக இருக்கும். 2020களின் தொடக்கத்தில்தான் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். 1792ல் அங்கே கடை இருந்ததா என்று நான் வாதாட வரவில்லை. நான் சொல்வது வேறு. டேனியல் படத்தில் மனிதர்கள் தூணின் உயரத்தை அளந்து காட்டுகிற முழக்கோலாக நிற்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு ஜோலியும் இல்லை. கல்கத்தாத் தெருவில் பல்லக்கு தூக்குகிறவனுக்குத் தோள் வலிப்பது நமக்குத் தெரிகிறது. மதுரையில் நிற்கிறவன் யார் என்றே தெரியவில்லை. கோயிலைப் பார்த்தார்கள், கோயிலுக்கு வருகிறவனைப் பார்க்க நேரமில்லை.

மெமோரியலில் இருக்கிற பெரிய தைலவண்ணப் படங்களுக்கும் இதையே சொல்வேன். அவற்றில் பல, இந்தியாவை விட்டுப் போன பிறகு, கட்டுக்கட்டாகக் கொண்டுபோன பென்சில் சித்திரங்களை வைத்து லண்டனில் எழுதியவை. தாமஸ் 1799லேயே ராயல் அகாதமி உறுப்பினர் ஆனவர். திரும்பிப் போய் முப்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தியக் காட்சிகளைக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஒளி மட்டும் தேன் மாதிரி மஞ்சளாக, என்றைக்கும் மாலை ஐந்து மணியாக இருக்கும். ஊரை விட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன என்னைக் கேட்டால், வந்தவாசியும் என் நினைவில் மாலை ஐந்து மணியாகத்தான் இருக்கிறது. ஆகவே அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைப் போட்டோ என்று சொன்னேனே, அதுதான் தப்பு.

பெயர் விஷயத்தில் மட்டும் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். 'ஓரியண்டல் சீனரி'யின் ஆறாம் பாகம் எல்லோராக் குகைகள். அதை டேனியல்கள் நேரில் பார்த்து எழுதவில்லை. ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் வரைந்து, 1795ல் அவர் காலமான பிறகு, அந்தச் சித்திரங்களை வைத்து இவர்கள் தகடு எடுத்து 1803ல் வெளியிட்டார்கள். தலைப்பு: எல்லோரா மலையில் உள்ள 'இந்து'க் குகைகள். எல்லோராவில் பௌத்தக் குகைகள் உண்டு, சைவ வைணவக் குகைகள் உண்டு, 30 முதல் 34 வரை உள்ளவை சமணக் குகைகள். அத்தனையும் ஒரே தலைப்புக்குள்! 32ஆம் குகையை 'இந்திர சபா' என்று போட்டிருக்கிறார்கள். யானை மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்திரன்தான் என்று உள்ளூரில் வழங்கிய பெயர். அவர் இந்திரன் இல்லை, யட்சன். எதிர்ப்பக்கத்தில் மாமரத்தடியில் சிங்கத்தின் மேல் இருப்பவள் இந்திராணி இல்லை. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூட "தருமதேவி" என்று சொல்லிவிடும். உள்ளே தீர்த்தங்கரர்கள் வரிசையாகத் தவத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டும் பெயரைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. தகட்டில் ஏறிய பெயர் இருநூறு வருஷமாக நீடிக்கிறது. அங்கே போகிறவர்கள் இன்றைக்கும் இந்திர சபா என்றுதான் கேட்டுப் போகிறார்கள். படம் எழுதிய கை சுத்தமான கை. அடியில் பேர் வெட்டியதுதான் தவறான கை. பேரைத் தப்பாக வெட்டினால் என் கடையில் குடத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆன்ட்வெர்ப் நகரத்து பால்தசார் சொல்வின்ஸ். 1791ல் கல்கத்தா வந்து பன்னிரண்டு வருஷம் இருந்தார். இவரும் வண்டிக்கும் பல்லக்குக்கும் வண்ணம் அடித்து வயிறு வளர்த்தவர். கட்டடத்தை விட்டுவிட்டு மனிதர்களை எழுதினார்: இன்ன சாதி, இன்ன தொழில், இன்ன வாத்தியம், இன்ன படகு என்று 250 தகடுகள். 1799ல் கல்கத்தாவில் வெளியிட்டார். விற்கவில்லை. வண்ணம் மங்கல், கோடு முரடு என்று வாங்க ஆளில்லை. பிற்பாடு லண்டனில் எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் அவற்றில் அறுபதை எடுத்து, பளபளவென்று வண்ணம் போட்டு விற்று நல்ல காசு பார்த்தார். சொல்வின்ஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்தக்காரர் பாரிஸுக்குப் போய் 1808 முதல் 1812 வரை நான்கு பெரிய தொகுதிகள் போட்டு, அதிலும் நஷ்டப்பட்டார். டேனியல்கள் ஏன் கல்கத்தாப் பாணியை விட்டு லண்டன் பாணிக்குப் போனார்கள் என்பதற்குச் சொல்வின்ஸின் கணக்குப் புத்தகமே பதில். மெருகு இல்லாத பாத்திரம் எவ்வளவு கனமானாலும் அலமாரியிலேயே கிடக்கும். நாற்பது வருஷ வியாபாரத்தில் வாடிக்கையாளரை இதற்காக நான் கோபித்துக்கொண்டதில்லை. மெருகைப் பார்த்து மயங்கியதில் நானும் ஒருவன்.

அந்த மயக்கத்துக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் பழைய சாமான் விற்கிற ஒருவர் (பேர் வேண்டாம்), பழைய கோர்ட் ஹவுஸ் படத்தை "அசல் டேனியல், 1786" என்று காட்டினார். காகிதம் பழுப்பு, ஓரம் செல்லரித்தது, சட்டம் தேக்கு. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். செம்பா, முலாமா என்று ஒரு தட்டில் சொல்லிவிடுகிறவன், வீட்டுக்கு வந்த பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அசல் அக்வாடின்டாக இருந்தால் நிழல் இருக்கிற இடத்தில் பிசின் துகள் விட்டுப்போன தடம் தெரியும். ஒழுங்கில்லாமல், காய்ந்த குளத்துச் சேறு வெடித்த மாதிரி. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். என் படத்தில் இருந்தது தினசரிப் பத்திரிகையில் இருப்பது போல வரிசை வரிசையான புள்ளி. பள்ளம் மருந்துக்கும் இல்லை. ஆப்செட் அச்சு; தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கியிருக்கிறார்கள்.

கழற்றிப் பரணில் போடலாம் என்று ஆணியைப் பிடுங்கப் போனேன். வீட்டில் விடவில்லை. "விடுங்க, அதுல ஆளுங்க எல்லாம் நம்ம படா பஜார் ஆளுங்க மாதிரி அவங்கவங்க வேலையைப் பார்த்துட்டுப் போறாங்க. சுவத்துக்கு அசலா போலியான்னு என்ன தெரியும்" என்றாள். கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன். பார்க்க விரும்புகிற அன்பர்கள் ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம். பூதக்கண்ணாடியும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.